ஐந்து முறை அளக்கத்தான் பணம், எந்த ஐந்து?

கேள்வி: பெங்களூருவில் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறேன். கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த தாய்மாரின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து ஆறு வயதுவரை அளக்கப் போகிறோம். ஐந்து முறைக்குத்தான் நிதி இருக்கிறது. சம இடைவெளி விட்டு அளந்தால் சரியாக இருக்குமா?
– வாசகி, பெங்களூரு

பதில்: சம இடைவெளி வேண்டாம். பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரட்டிக்கிறது, ஒரு வயதில் மும்மடங்காகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோதான் ஏறும். வேகமாக மாறும் காலத்தில் நெருக்கமாக அளக்க வேண்டும்.

மைசூரு பார்த்தினன் ஆய்வு உங்களுக்கு நல்ல வழிகாட்டி. 1997-98இல் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில், கர்ப்பிணிகளுக்கு 30ஆம் வாரத்தையொட்டி குளுக்கோஸ் பரிசோதனை செய்து தொடங்கியது. சர்க்கரை இருந்த தாய்மாரின் குழந்தைகள் பிறக்கும்போது மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தார்கள். ஒரு வயதில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஐந்து வயதில் பெண்குழந்தைகளிடம் திரும்ப வந்தது: தோலடிக் கொழுப்பு கூடுதல், குளுக்கோஸ் குடித்தபின் இன்சுலினும் கூடுதல். ஒரு வயதோடு நிறுத்தியிருந்தால் பாதிப்பே இல்லை என்று எழுதியிருப்பார்கள். பிறப்பிலும் ஐந்திலும் மட்டும் அளந்திருந்தால் நடுவில் மறைந்ததே தெரிந்திருக்காது.

ஆகவே என் தேர்வு: பிறந்த மூன்று நாளுக்குள், ஆறு மாதம், ஒரு வயது, நான்கு, ஆறு. கைக்குழந்தையின் கொழுப்பு ஒரு வயதுக்குப் பின் வற்றி, ஐந்தாறு வயதில் மறுபடி ஏறத் தொடங்கும். அந்த ஏற்றம் சீக்கிரமே தொடங்கினால் பிற்காலத்தில் பருமன் வரும் வாய்ப்பு அதிகம். நான்கு வயதுச் சந்திப்பு அதற்காகத்தான். குளுக்கோஸ் பரிசோதனையைக் கடைசிச் சந்திப்பில் மட்டும் வையுங்கள். ஒவ்வொரு முறையும் குழந்தையைக் குத்தினால் தாய்மார் வரத் தயங்குவார்கள்.

இடைவெளி சமமில்லை என்றால் கணக்கு கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். இன்றைய புள்ளியியலின் கலப்பு மாதிரி (mixed model) முறைகள் அதைத் தாங்கும். ஆனால் அளந்த நாளில் குழந்தையின் வயதைச் சரியாகக் குறித்தாக வேண்டும்; 'நான்கு வயது' என்று பொதுவாக எழுதாதீர்கள். பிறந்தநாளுக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். தசரா விடுமுறையிலும் ஏப்ரல்-மே மாதங்களிலும் பெங்களூருவுக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போய்விடும். அவர்களைத் தவறவிட்டால், வசதியாக ஊரிலேயே இருப்பவர்களின் கதையாக உங்கள் ஆய்வு சுருங்கிவிடும்.

ஆறு வயதுச் சந்திப்புக்கான பணத்தை இப்போதே தனியே எடுத்து வையுங்கள். நிதி குறைந்தால் ஆறு மாதச் சந்திப்பை விடலாம்; அப்போதைய எடை தாய்-சேய் அட்டையான தாயி கார்டில் குறிக்கப்பட்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆறு வயதை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.