லேசர் ஒளியால் ரோமம் களைதல்: செல்லுமுன் கவனிக்க வேண்டியவை

லேசர் ஒளியைக் கொண்டு ரோமத்தை அகற்றும் சிகிச்சை இன்று சிற்றூர் வரையிலும் வந்துவிட்டது. திருமணத்திற்கு முன் பெண்ணை இதற்கு அழைத்துச் செல்லும் தாய்மார்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். "இது கூடுமா?" என்ற கேள்வியோடு, "கூடுமென்றால் எப்படித் தயாராவது?" என்றும் கேட்கிறார்கள். இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே சேர்த்தே பார்ப்போம்.

மறைவிட ரோமத்தைச் சிரைப்பதும், அக்குள் ரோமத்தைக் களைவதும் மனித இயற்கையோடு ஒட்டிய ஐந்து காரியங்களில் சேர்ந்தவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இவற்றை நாற்பது நாட்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்பது அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. நோக்கம் சுத்தம். கருவி எதுவாயினும் ரோமம் நீங்கினால் சுன்னத் நிறைவேறிவிடும். அக்குளைப் பிடுங்குவதே சுன்னத் என்று அறிந்திருந்தும், வலி தாளாமல் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களே அதைச் சிரைத்துக்கொண்டார்கள் என்று நவவீ இமாம் எழுதியிருக்கிறார்கள். கால், கை ரோமத்தைப் பெண்கள் களைவதிலும் தடையில்லை. பெண்ணுக்கு மீசை, தாடி முளைத்தால் அதை நீக்குவது முஸ்தஹப்பு என்பதே நவவீ இமாமின் கூற்று. புருவம் அப்படியல்ல, அதைப் பிடுங்குவதைக் கண்டித்து ஹதீஸ் வந்திருக்கிறது. மருத்துவரீதியாகவும் புருவத்தின் அருகே லேசரைக் கொண்டு போகக் கூடாது. கண்ணுக்கே ஆபத்து. ஆண்கள் தாடியை அடியோடு ஒழிக்க இதை நாடுவது பற்றி நாம் எழுத வேண்டியதில்லை. விடை எல்லோரும் அறிந்ததுதான்.

சிக்கல் அவ்ரத்தில் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு முன் மற்றொரு முஸ்லிம் பெண்ணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி. ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். மருத்துவத் தேவை வந்தால் தேவையான அளவு திறக்கலாம். ஆனால் மறைவிட ரோமத்தை ஒவ்வொருவரும் தானே களைந்துகொள்ள முடியும்போது, அதற்காக இன்னொருவர் முன் அவ்ரத்தைத் திறப்பதற்குத் தேவை என்று பெயரிட முடியாது. "செய்பவரும் பெண்தானே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. வெட்டிய ரோமம் உள்ளே புதைந்து மீண்டும் மீண்டும் கட்டியாகிச் சீழ் வைக்கிறது என்று மருத்துவர் சொன்னால் நிலைமை வேறு. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள். முகம், கை, அக்குள் இவற்றுக்குப் பெண் ஊழியரே செய்வார் என்பதை முன்பதிவு செய்யும்போதே உறுதி செய்யுங்கள். மேசையில் படுத்த பிறகு ஓர் ஆண் உள்ளே வந்தால், மறுத்து எழுந்துவர எல்லாப் பெண்களுக்கும் துணிவு வராது.

லேசர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் தயாரிப்பு தானாகப் புரியும். ரோமத்திலுள்ள கறுப்பு நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு வேரைக் கெடுக்கிறது. இந்தத் தத்துவத்தை ஆண்டர்சன், பாரிஷ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1983-ல் வெளியிட்டார்கள். நிறமிதான் இலக்கு என்பதால் நரைத்த ரோமத்தில் பயனில்லை. நம்மவரின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அதே நிறமி இருக்கிறதல்லவா? ஆகவே தவறான கருவியானால் தோல் வெந்து கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாகும். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள 'என்டி யாக்' லேசர் பாதுகாப்பானது. எந்தக் கருவி என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கவும் சொல்லுங்கள்.

வேர் உள்ளே இருந்தால்தான் ஒளிக்கு வேலை. ஆகவே சிகிச்சைக்கு முன் நான்கு முதல் ஆறு வாரங்கள் வாக்ஸ் போடுவது, நூல் போடுவது, பிடுங்குவது எதுவும் கூடாது. "அப்படியானால் நாற்பது நாள் கெடு என்னாவது?" என்று ஒரு சகோதரி கேட்டார்கள். நல்ல கேள்வி. சிரைப்பதற்குத் தடையில்லை, சொல்லப்போனால் சிகிச்சைக்கு முதல் நாள் சிரைத்தே வர வேண்டும். வெளியே ரோமம் நீண்டிருந்தால் அது எரிந்து தோலைச் சுடும். ஆகவே கெடு வந்தால் சவரம் செய்யுங்கள். சுன்னத்தும் தவறாது, சிகிச்சையும் கெடாது.

இரண்டு முதல் நான்கு வாரங்கள் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் கறுத்த தோலில் அன்று செய்ய வேண்டாம். மருதாணி இட்ட இடத்தில் நிறம் முழுவதும் மறையும்வரை லேசர் கூடாது. நிறம் ஒளியை இழுத்துக்கொள்ளும். திருமண வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். அன்று அத்தர், பவுடர், களிம்பு எதுவும் தடவாமல் தோலைக் கழுவிவிட்டுச் செல்லுங்கள். கர்ப்பிணிகள் பிரசவம் வரை ஒத்திவைப்பதே நல்லது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் உட்கொள்பவர்களும், வெயிலில் தோலைப் புண்ணாக்கும் டாக்சிசைக்ளின் போன்றவை உட்கொள்பவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. உதட்டருகே அக்கிக் கொப்புளம் வந்ததுண்டா என்பதையும் சொல்லுங்கள்.

மிக முக்கியமானது மரத்துப்போகச் செய்யும் களிம்பு. அமெரிக்காவில் இரண்டு இளம் பெண்கள் லேசருக்குச் செல்லுமுன் இக்களிம்பைக் கால் முழுவதும் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டார்கள். மருந்து இரத்தத்தில் மிகுதியாகக் கலந்து வலிப்பு வந்து, நினைவிழந்து மாண்டார்கள். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-ல் இதைக் குறிப்பிட்டு எச்சரித்தது. கடையில் தாமாக வாங்கிப் பூச வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன இடத்தில் மட்டும் பூசுங்கள். சுற்றிக் கட்டாதீர்கள்.

முகத்தில் திடீரென ரோமம் அடர்ந்த பெண்பிள்ளைக்கு மாதவிடாயும் ஒழுங்கில்லையென்றால் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம். மூலத்தைக் கவனியாமல் லேசருக்குப் பணம் கட்டினால் ரோமம் திரும்பத் திரும்ப வரும். முகத்தின் மெல்லிய பூனைமுடி சிலருக்கு லேசருக்குப் பின் தடித்து வளர்வதும் உண்டு. "தாடி முளைத்தவள்" என்று உறவினர் வாய்க்கு அஞ்சி அந்தப் பிள்ளையை வீட்டில் ஒடுக்கிவைப்பவர்களைக் காண்கிறோம். அது நோய், அவள் செய்த குற்றமல்ல.

ஒரு முறையில் முடியாது. வளரும் நிலையிலுள்ள ரோமம் மட்டுமே அழிவதால் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு, எட்டு தடவைகள் செல்ல நேரும். அதன் பின்னும் ரோமம் குறையுமேயன்றி முற்றும் ஒழியும் என்று வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள். மிஞ்சியதைக் களையும் கடமை நீடிக்கிறது. இத்தனை தடவைகள் என்பதால் நாட்களை முன்பே கணக்கிடுங்கள். இஹ்ராமில் ரோமம் களைவது ஹராம். ஆகவே ஹஜ், உம்ரா செல்பவர்கள் சிகிச்சையையும் அதற்கான சவரத்தையும் இஹ்ராமுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். குர்பானி கொடுக்க நாடியவர்கள் துல்ஹஜ் பிறையிலிருந்து அறுக்கும் வரை ரோமம், நகம் களையாதிருப்பது சுன்னத். அந்த நாட்களில் பதிவு செய்யாதீர்கள். நோன்பு லேசரால் முறியாது. உடலுக்குள் எதுவும் செல்வதில்லை.

வீடு திரும்பியபின் தோல் சிவந்திருக்கும். குளிர்ந்த நீரில் உளூச் செய்யலாம். வெந்நீர்க் குளியலை ஓரிரு நாள் விடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவியிருந்தால் உளூவின் உறுப்பில் தண்ணீர் படும்படி அதைக் கழுவிவிடுங்கள். கொப்புளம் உண்டாகி நீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், அந்த இடத்துக்குத் தயம்மும் செய்யும் முறையை ஆலிமிடம் கேட்டறியுங்கள். ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் கருகிய ரோமம் தானே உதிரும். அதைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.