பைபாஸில் மார்புத் தமனி

பென்னாகரம்

அன்புள்ள தம்பி மகனுக்கு,

பைபாஸ் அறுவையில் இதயக் குழாயின் அடைப்பை எடுப்பதில்லை. அடைபட்ட இடத்தைத் தாண்டி ரத்தம் போக இன்னொரு குழாயைத் தைக்கிறார்கள். அந்தக் குழாயும் நோயாளியின் உடம்பிலிருந்தே கிடைக்கிறது: காலில் ஓடும் சிரை, முன்கைத் தமனி, மார்பெலும்பின் இருபுறமும் உள்பக்கமாக இறங்கும் இரண்டு மார்புத் தமனிகள். எந்தக் குழாயை எங்கே தைப்பது என்பதைப் பொறுத்தே அறுவையின் நீண்டகாலப் பலன் பெரிதும் அமைகிறது.

லெனின்கிராடில் வசிலி கொலேசொவ் 1964-லேயே மார்புத் தமனியை இதயக் குழாயுடன் தைத்தார். ஆனால் 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ கையாண்ட கால் சிரை முறைதான் வேகமாகப் பரவியது; சிரையை எடுப்பதும் தைப்பதும் சுலபம். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. 1986-இல் வெளிவந்த கிளீவ்லாந்து ஆய்வு, இடது மார்புத் தமனி பெற்றவர்கள் சிரை மட்டுமே பெற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்வதைக் காட்டியது.

காரணம் குழாயின் இயல்பில் இருக்கிறது. சிரை குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. தமனியின் அழுத்தம் ஏறியதும் அதன் சுவர் தடித்து, நாளடைவில் அடைக்கிறது. மார்புத் தமனியின் உள்சுவரோ ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை நன்றாகச் சுரப்பதால் கொழுப்பு எளிதில் படிவதில்லை. பத்தாண்டு கழித்து மார்புத் தமனிகள் பத்தில் ஒன்பது திறந்திருக்கின்றன. சிரைகளில் ஏறத்தாழப் பாதியே. அதனால் இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியக் குழாய்க்கு இடது மார்புத் தமனி என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. அதன் மேல்முனையை வெட்டாமல், கீழ்முனையை மட்டும் விடுவித்து அடைப்புக்கு அப்பால் தைக்கிறார்கள்.

வலது மார்புத் தமனியையும் எடுக்கலாமா என்பதில்தான் மருத்துவர்கள் வேறுபடுகிறார்கள். இந்தியா உட்பட 7 நாடுகளில் 3,102 பேரிடம் நடந்த ஆய்வில், பத்தாண்டு முடிவில் ஒரு தமனி பெற்றவர்களுக்கும் இரண்டும் பெற்றவர்களுக்கும் உயிர்பிழைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மார்பெலும்புக்கு ரத்தம் தருபவையும் இதே தமனிகள்தான். இரண்டையும் எடுத்தால் எலும்பு கூடுவது தாமதமாகி, புண்ணில் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடுகிறது. சர்க்கரை கட்டுப்படாதவர், உடல் பருத்தவர், பீடி சிகரெட்டால் நுரையீரல் கெட்டவர் ஆகியோருக்கு இது அதிகம். வயது குறைந்த, சர்க்கரை இல்லாத நோயாளிக்கு இரண்டு தமனிகள் பொருந்தலாம். மற்றவர்களுக்கு இரண்டாவது குழாயாக முன்கைத் தமனியை எடுப்பதுண்டு. ஐந்தாண்டு அளவில் அது சிரையைவிட நன்றாக நிலைக்கிறது. ஆனால் அடைப்பு கடுமையாக இல்லாத குழாயில் தைத்தால், எதிர்ப்படும் ரத்த ஓட்டத்தால் சுருங்கிப்போகலாம். அவசர அறுவையில் சிரையே விரைவில் கைகொடுக்கும்.

ஆகவே ஆஞ்சியோ அறிக்கையுடன் அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: முன்பக்கக் குழாய்க்கு இடது மார்புத் தமனி உறுதிதானா, மற்ற அடைப்புகளுக்கு எந்தக் குழாய் ஏன், நோயாளியின் உடல்நிலைக்கு மார்பெலும்பு கூடுவதில் சிக்கல் வருமா.

பென்னாகரத்தார் பெரிய இதய அறுவைக்குச் சேலமோ பெங்களூரோ போவது வழக்கம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸும் உண்டு. ஆனால் திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனையா என்று முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது. அறுவைக்கு முன்பே புகையை நிறுத்தி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முடிந்தபின் எலும்பு கூடும்வரை, ஏறத்தாழ மூன்று மாதம், பாரம் தூக்கக் கூடாது. மருத்துவர் சொல்லும்வரை இருசக்கர வண்டியும் வேண்டாம். ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால், எந்தக் குழாயைத் தைத்திருந்தாலும் பலன் குறையும்.

அன்புடன்,
பெரியப்பா