கோயில் நிலம் எவருடையது?

கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். ஆடிப் பதினெட்டுக்கு அங்கே கூடும் கூட்டத்தை நாம் அறிவோம். பெருங்கோயில்களுக்கு மட்டுமன்றிச் சிற்றூர்த் தெய்வங்களுக்கும் நம் முன்னோர் பல ஊர்களில் நிலம் விட்டுச் சென்றுள்ளனர். அதனைப் பூசாரியோ குத்தகைதாரரோ உழுது வருவார். இரண்டு தலைமுறை கடந்ததும் "இது எங்கள் பாட்டன் சொத்து" என்ற பேச்சு எழும். வழக்கு முதலில் பஞ்சாயத்தாரிடமே வரும்.

இவ்விஷயத்தில் தெளிவான விடை, மத்தியப் பிரதேச வழக்கொன்றில் 2021 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்திலிருந்து கிடைத்தது. பூசாரிகள் கோயில் நிலங்களை விற்றுவிடாமல் தடுக்க, அம்மாநில அரசு 1994-லும் 2008-லும் சுற்றறிக்கை விடுத்து, வருவாய்ப் பதிவேட்டிலிருந்து அவர்கள் பெயரை நீக்கச் சொல்லிற்று. உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமோ, நிலத்தின் உரிமையாளர் தெய்வமே என்றும், பூசாரி அதனைப் பராமரிப்பவர் மாத்திரமே என்றும் தீர்ப்பளித்தது. அனுபவதாரர் பத்தியிலும் தெய்வத்தின் பெயரே இருக்க வேண்டும். அதே தீர்ப்பு சர்க்காருக்கும் ஓர் எல்லை வகுத்தது: அரசிடம் ஒப்படைக்கப்படாத கோயிலுக்குக் கலெக்டரை நிர்வாகியாக எழுதிக்கொள்ளல் ஆகாது. இது நியாயமானதென்றே கருதுகிறோம்.

தெய்வம் எப்படிச் சொத்துடையதாகும் என்று சிலர் நகைக்கலாம். விக்கிரகம் சட்டப்படி ஒரு நபர் என்பதை இலண்டன் பிரிவி கவுன்சில் 1925-லேயே ஒப்பியது. தஞ்சை வட்டாரத்துப் பத்தூர் நடராசர் சிலை வழக்கில், இடிந்து கிடந்த கோயிலையே வழக்காடும் தரப்பாக ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் ஏற்றுக்கொண்டது!

நம் மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் நடைமுறையிலுள்ளது. அதன் 34-ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றாலும், அடமானம் வைத்தாலும், மாற்றிக்கொண்டாலும், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விட்டாலும் அது செல்லாது. பணம் கொடுத்து வாங்கும் ஏழை விவசாயியே இறுதியில் நிலமும் பணமும் இழந்து நிற்பார்.

அதற்காகக் கோயில் நிலத்தை உழுவோர் அஞ்ச வேண்டியதில்லை. பொது அறக்கட்டளைகளின் வேளாண் நிலம் பற்றிய 1961-ஆம் ஆண்டுச் சட்டம் (57/1961) சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பளிக்கிறது. காரணமின்றி அவரை வெளியேற்ற இயலாது. குத்தகையைக் காலத்தில் செலுத்தி ரசீதைப் பத்திரமாய் வைத்திருப்பது அவர் வேலை.

பஞ்சாயத்துத் தீர்மானத்தால் நில உரிமை மாறிவிடாது. நிலம் கோயிலின் அறக்கட்டளைச் சொத்தா என்ற தகராறை 63-ஆம் பிரிவின்படி இணை ஆணையர் விசாரிப்பார். உறுப்பினர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் கேட்டு, தெய்வத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். விற்பனைக்கு அனுமதி வழங்குமுன் ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வரும். அதனை ஊரார் அனைவரும் காணும் இடத்தில் ஒட்டி, கெடு முடியுமுன் ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்.