28 நாள் உறங்க வேண்டிய பணம்

கேள்வி: மகள் பி.எஸ்சி. கடைசி வருஷம். இங்கிலாந்தில் ஒரு வருஷ எம்.எஸ்சி. படிக்க, நிபந்தனையோடு இடம் கிடைத்திருக்கிறது. எனக்குப் புளி வியாபாரம். பணமெல்லாம் கொள்முதலிலும் சீட்டிலும் நிற்கிறது. "ஆள் இருக்கிறார், ஒரு வாரம் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துவிடலாம்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
- ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: வேண்டாம். அந்த ஒரு வாரக் கணக்கே தப்பு. மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். அந்த 28 நாள் முடிந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். முதல் வருஷக் கட்டணத்தில் கட்டாத பாக்கியும், அதிகபட்சம் 9 மாதச் செலவும் சேர்ந்ததுதான் தொகை. லண்டன் என்றால் செலவுக் கணக்கு கூடும். நடுவில் ஒரு நாள் புளி லோடுக்கென்று எடுத்து, இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினால், மறுநாளே போட்டாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதுதான். பவுண்டு விலை ஏறினாலும் உதைக்கும், கொஞ்சம் கூடவே வையுங்கள்.

சீட்டும் நகையும் நிலப் பத்திரமும் செல்லாது. சீட்டை எடுத்து வங்கியில் போட்ட நாளிலிருந்துதான் 28 ஓடும். "ஆள்" கொடுக்கும் ஸ்டேட்மென்ட் போலி என்று தெரிந்தால் 10 வருஷம் வரை தடை விழலாம். வட்டிக்கு வாங்கி நிறுத்தினாலும், அங்கே வாடகைக்கு அந்தப் பணம் இருக்காதே! பாடம் நடக்கும் நாள்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கவும் முடியாது. ஏஜென்டுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது, அவசரம் அவருடையது.

வங்கியில் மகள் பெயரில் கல்விக் கடன் கேளுங்கள். கடன் அனுமதிக் கடிதம் 6 மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் போதும், 28 நாள் பேச்சே இல்லை. ஆனால் பெரிய தொகைக்கு அடமானம் கேட்பார்கள். விளைநிலத்தைப் பல வங்கிகள் தொடாது, வீடு அல்லது மனை வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பம் என்றால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தை முதலில் விசாரியுங்கள்.

இவை தவிர விசாக் கட்டணம், மருத்துவக் கட்டணம். மருத்துவத்துக்கு 2024 பிப்ரவரி முதல் மாணவர்களுக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு. விசா படிப்பைத் தாண்டியும் சில மாதம் நீள்வதால் ஒன்றரை வருஷத்துக்கு வாங்குவார்கள். காசநோய்ச் சோதனைக்கும் விசா மையத்துக்கும் சென்னைதான் என்றில்லை, உங்களுக்குப் பெங்களூருதான் பக்கம்.

நான் அதிகம் பயப்படுவது பெயருக்கு. பணம் அப்பா கணக்கில் இருக்கலாம். அதற்கு மகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் சம்மதக் கடிதமும் வேண்டும். சான்றிதழில் முருகன், வங்கியில் முருகேசன் என்றிருந்தால்? இருவரும் ஒருவரே என்று சந்தைக்கே தெரியும், விசா அதிகாரிக்குத் தெரியாது. சில சான்றிதழ்களில் குழந்தை பெயருக்கான இடமே காலி. திருத்த அலைவதைவிட, மகள் பெயரில் கணக்கு தொடங்கிப் பணத்தை அதில் போட்டுவிடுங்கள். உறவுச் சான்றே தேவைப்படாது. அந்தக் கணக்கில் இனிஷியலோடு நிறுத்தாமல், மகளின் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல உங்கள் பெயரையும் விரித்து எழுதச் சொல்லுங்கள். வங்கிக்குப் போகும்போது பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.