பஞ்சாயத்து கையெழுத்து போதுமா?

வெளிநாட்டில் கஞ்சாவுக்கே கடை வைக்க நகராட்சி உரிமம் தருகிறதாம். என் தம்பி இங்கே ‘ஹெம்ப்’ எண்ணெய்க் கடை போடப்போகிறேன் என்கிறான். கொம்யூன் பஞ்சாயத்து அனுமதி போதுமா?
– வாசகி, பட்டினச்சேரி

போதாது சகோதரி. ஆனால் பயப்படவும் வேண்டாம்.

தம்பி கேள்விப்பட்டது கலிஃபோர்னியா போன்ற இடங்களின் கதை. அங்கே பள்ளியிலிருந்து 600 அடிக்குள் கஞ்சாக் கடை கூடாது என்பது பொது விதி. அந்தத் தூரத்தை மாற்றவும், ஊருக்குள் கடையே வேண்டாமென்று தடுக்கவும் நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் பேசும். கஞ்சா விற்க எந்தப் பஞ்சாயத்தும் உரிமம் தர முடியாது. அனுமதியின்றிச் செடி வளர்த்தாலே 10 ஆண்டு வரை சிறை.

அந்தச் செடியின் விதையும் அதிலிருந்து எடுக்கும் ‘ஹெம்ப்’ எண்ணெயும் வேறு கணக்கு. 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றை உணவாக ஏற்றது. ஒரு கிலோ விதையில் போதைச் சத்து 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எனவே தம்பிக்கு இரண்டு காகிதம் வேண்டும்: உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, கொம்யூன் பஞ்சாயத்தின் வணிக உரிமம்.

சரக்கு வாங்கும்போது புட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். போதையைச் சொல்லும் படமோ வாசகமோ இருக்கக் கூடாது. ஆய்வறிக்கை நகலையும் கேட்டு வாங்கட்டும். ‘இலையும் பூவும் சேர்த்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், அந்த வாசலை மறுபடி மிதிக்கவே வேண்டாம்.