பெட்டி இரண்டு, கிளிப் வேண்டாம்

மட்டாஞ்சேரியில் தேய்ப்புக் கடையோ தையல் கடையோ போடப் போகிறீர்களா? சாமான் பட்டியல் எழுதும் முன் பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ பகுதியில் இருக்கிற தோபிகானா என்ற சலவைக்கூடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடுப்பு வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த தமிழ் வண்ணார்கள் அங்கே தொழில் செய்கிறார்கள். 1976-இல் கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த இடம். துவைக்கும் தடுப்பறைகள் வரிசையாக ஒரே இடத்தில். துணி காயும் திடலும் பொது. அவரவர் கடன் வாங்கித் தனித்தனியாகக் கட்டியிருந்தால் வட்டி கட்டியே ஓய்ந்திருப்பார்கள்.

கொடியைக் கவனியுங்கள். முறுக்கிக் கட்டிய கயிறு. துணி முனையை முறுக்குக்குள் செருகிவிட்டால் கடல்காற்றுக்கும் அசையாது. கிளிப் என்ற செலவே கிடையாது. கடைக்காரர் புதுசாக எதையாவது நீட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கயிறுதான் ஞாபகம் வரும்: கையில் இருப்பதே அந்த வேலையைச் செய்யுமா?

அடுத்தது கணக்கு. 24,000 ரூபாய் மெஷின் ஐந்து வருடம் உழைக்கும் என்று வையுங்கள். மாதம் 400 ரூபாய். மாதத்தில் நான்கு தடவைதான் ஓடும் என்றால் தடவைக்கு 100. பக்கத்துத் தெருவில் 60 ரூபாய்க்கு வேலை முடியுமானால் வாங்காதீர்கள். பத்துத் தடவை ஓடினால் 40. அப்போது தாராளமாக வாங்கலாம். கரண்டும் ரிப்பேரும் இதில் சேராது, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கிற இரும்பை இந்த ஊர் உப்புக்காற்று விட்டுவைக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

சிலவற்றில் மட்டும் மாற்றுக்கென்று இன்னொன்றும் வேண்டும். எதில் இரண்டு? எது நின்றால் அன்றைய கூலி நிற்குமோ அதில். தேய்ப்பவருக்குப் பெட்டி. ஆனால் இரண்டும் கரண்ட் பெட்டியாக இருந்து என்ன பயன்? கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். ஒன்று கரண்ட், ஒன்று சிரட்டைக் கரி. தையற்காரருக்கும் இதே கதைதான்: மோட்டார் மெஷினோடு ஒரு மிதி மெஷின்.

துவைத்தும் கொடுப்பவராக இருந்தால் ஜூன் மழைக்கென்று டிரையர் வாங்கத் தோன்றும். முதல் மழைக்காலத்தை வாங்காமல் ஓட்டுங்கள். எத்தனை நாள் துணி காயாமல் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று காலண்டரில் குறித்து வாருங்கள். ஓணத்துக்கு முன்னால் அதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.