அடைக்கலமாக வந்த நாய்

நம் குடும்பங்கள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு ரயிலேறும்போது, வீட்டு நாயை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கேள்வி எழுகிறது. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், சில ஆண்டுகளாகப் பெங்களூரில் அக்கம்பக்கத்தாரின் நாய்களைப் பார்த்துக்கொள்கிறேன். இப்பணியில் இறங்க விரும்பும் அன்பர்களுக்காகச் சிலவற்றை எழுதுகிறேன்.

நாய்ப் பாசம் நகரத்து நாகரிகம் என்று சிலர் நினைக்கலாம். அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் கி.பி. 949-இல் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த போரில், எதிரணியில் நின்றவன் மணலேரன் என்ற கங்க வீரன். பரிசாக என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது, 'காளி' என்ற வேட்டை நாயையே கேட்டு வாங்கினான். அது காட்டுப்பன்றியோடு பொருது மாண்டது. அதற்கு நடுகல் நட்டு, நிலமும் விடப்பட்டது. ஆதகூரில் கிடைத்த அக்கல்வெட்டு பின்னர் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

அத்தகைய பாசத்துக்குரிய ஜீவனைத்தான் நம்மிடம் ஒப்படைக்கிறார்கள். இதில் உள்ள சிரமங்களைப் பார்ப்போம்.

முதலாவது, பிரிவு. முதல் ஓரிரு நாள் சில நாய்கள் சரியாகச் சாப்பிடாது, வாசலையே பார்த்திருக்கும். டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஹாச்சிகோ என்ற நாய், 1925-இல் இறந்த எஜமானருக்காக 1935-இல் தான் சாகும்வரை காத்திருந்தது. அந்த இடத்தை நாம் நிரப்ப முடியாது. வீட்டார் உடுத்திய பழைய துணி ஒன்றைப் படுக்கையில் போட்டு, வழக்கமான நேரத்தில் உணவும் நடையும் தந்தால் போதும். வற்புறுத்திக் கொஞ்ச வேண்டாம், அதுவாக வரும்.

இரண்டாவது, பொறுப்பு. ரயில்வேயில் சார்ஜ் ஒப்படைக்கும்போது எழுதிக் கையெழுத்திடுவது போல, தடுப்பூசி விவரம், மருந்து, மருத்துவர் தொலைபேசி எண் அனைத்தையும் எழுதி வாங்குங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பட்டாசு நாட்களில் ஜன்னலை அடைத்து, உள்ளறையில் உடன் இருங்கள்.

மூன்றாவது, மரணம். மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா சென்ற ஒரு குடும்பத்தின் 14 வயதுப் பொமரேனியன் என்னிடம் இருந்தது. சிறுநீரகம் பழுதடைந்திருந்தது. நிலைமை முற்றினால் என்ன செய்வது என்று முன்பே பேசி எழுதி வைத்திருந்தோம். பதினோராம் நாள் விடியற்காலை, என் கையைத் தலையணையாக்கிப் படுத்திருந்தபடியே அது போய்விட்டது. தொலைபேசியில் அவர்கள் அழுதார்கள். எனக்கும் துக்கம் தொண்டையை அடைத்தது. ஆயினும் அவர்களைத் தேற்றுவதே அப்போது என் வேலையாக இருந்தது. பார்த்துக்கொள்பவரின் துக்கத்துக்கு யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. இதைத் தாங்கும் மனம் உண்டா என்று முன்கூட்டியே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலனும் பெரிது. பணி ஓய்வுக்குப் பின் காலையில் நம்மை எதிர்பார்த்து ஒரு ஜீவன் நிற்கிறது. நடையால் உடம்பும் தேறுகிறது. ஆனாலும், வீட்டார் வந்ததும் அது நம்மைத் திரும்பிப் பாராமல் அவர்களிடம் ஓடும். முதலில் மனம் சற்று வாடும். ஆனால், அடைக்கலமாக வந்தது அன்பு குறையாமல் தன் வீட்டாரிடம் சேர்ந்துவிட்டது என்பதற்கு அந்த ஓட்டமே சான்று. ஒப்படைத்துச் செல்லும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: ஊரிலிருந்து தினம் ஒருமுறை பேசுங்கள். பார்த்துக்கொள்பவரையும் நலம் விசாரியுங்கள்.